உப்பு ஜாடியில் கட்டிய அட்டை

மருத்துவர் எனக்கு மூன்று வாரம் கொடுத்திருந்தார். காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை ரத்த அழுத்தம் பார்த்து எழுதிக்கொண்டு வர வேண்டும். எழுதிக் கொடுத்த ஒரு மாத்திரையைத் தினமும் போட வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். அப்படியும் இறங்கவில்லை என்றால் இரண்டாவது மாத்திரை. அவர் சொன்னது இவ்வளவுதான். இருபத்தொரு நாளுக்கு எண்பத்து நான்கு அளவுகள். எண்பத்து நான்கையும் எழுதினேன். அதே இருபத்தொரு நாளில் என் மனைவி சாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது நான். அது என் நோட்டுப் புத்தகத்தில் எங்கும் இல்லை.

எனக்கு எழுபத்து மூன்று வயது. அவளுக்கு அறுபத்தெட்டு. முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மழைக்குத் தண்ணீர் நிற்கும் ஒரு காலனியில் இருக்கிறோம். கிண்டியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். பேரிங், வாஷர், போல்ட் என்று நாலாயிரத்துச் சொச்சம் உருப்படிகள் என் பொறுப்பில் இருந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் அட்டை தொங்கும். தேதி, எவ்வளவு கொடுத்தோம், மீதி எவ்வளவு, வாங்கிக்கொண்டவர் கையெழுத்து. வருடக் கடைசியில் எண்ணிப் பார்க்கும்போது என் அட்டைகள் தப்பியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. கையில் கிடைத்ததையெல்லாம் எண்ண ஆரம்பித்தேன். தாம்பரம் நடைமேம்பாலத்தின் படிகள், பால் பாக்கெட்டுகள், மகள் தொலைபேசியில் பேசும் நிமிடங்கள். என் மனைவி இதை ஒரு வியாதி என்பாள். எனக்கு வந்த வியாதி வேறு.

முதல் முறை மருத்துவமனைக்குப் போனபோது நர்ஸ் பெண் என்னைத் தாத்தா என்று கூப்பிட்டுக் கையில் பட்டையைக் கட்டினாள். நூற்று எழுபத்தெட்டுக்குத் தொண்ணூற்றாறு. மருத்துவர் என் மகளைவிடச் சின்னவர். திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வீட்டுல வேற யாருக்காவது பிரஷர் இருக்கா சார்?"

அப்பாவுக்கு இருந்தது என்றேன். அண்ணனுக்கு இருந்தது என்றேன். அண்ணனைப் பற்றி விரிவாகவே சொன்னேன். குளியலறையில் விழுந்தவர், வலது பக்கம் முழுக்கப் போய், நான்கு வருடம் கட்டிலில் கிடந்தார். அண்ணி ஸ்பூனால் ஊட்டுவார். பாதி வாயோரமாக வழியும். அந்த நான்கு வருடத்தில் நான் அவரைப் பார்க்கப் போனது பதினொரு முறை. அடிக்கடி போகாததற்குக் காரணம் அந்த வாயோரம். எனக்கும் அது வந்துவிடும் என்ற பயம் எனக்கு உண்டு. நான் செய்த எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்தது இந்தப் பயம்தான். இதை ஒரு சமாதானமாகச் சொல்லவில்லை.

நான் அப்பாவையும் அண்ணனையும் சொல்லிக்கொண்டிருந்தபோது, என் மனைவி பக்கத்து நாற்காலியில் என் ஃபைல் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பதினொரு வருடமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவள். எப்போதோ ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்தது. அவர் கிளினிக்கை மூடிவிட்டுப் போய்விட்டார். இவள் மாத்திரை தீர்ந்த அட்டையை மருந்துக் கடையில் காட்டுவாள், அவர்கள் அதே மாத்திரையைக் கொடுப்பார்கள். அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் மருத்துவர் கேட்டபோது ஞாபகம் வரவில்லை. செத்துப்போன இரண்டு பேர் ஞாபகம் வந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வரவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. டோக்கன் என் பெயரில் என்றால் பேசுவது நான் மட்டும்தான் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

வெளியே வந்ததும் கேட்டாள்.

"நானும் மாத்திரை போடறேனே. அதைச் சொல்லியிருக்கணுமோ?"

"அவங்க கேட்டது பரம்பரையைப் பத்தி. உனக்குத் தனியா ஒரு நாள் டோக்கன் போட்டுக்கலாம்."

"ம்," என்றாள். அந்த ஒரு நாளைப் போட நான் மறந்துபோனேன். அவள் ஞாபகப்படுத்தவில்லை.

அன்று மாலையே தாம்பரம் மார்க்கெட் தெருவில் பிரஷர் பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து, வேலை செய்கிறதா என்று பார்க்க முதலில் அவள் கையில்தான் கட்டினேன். பட்டை இறுகியது, தளர்ந்தது, திரையில் ஏதோ எண் வந்தது. "ஓடுது" என்று சொல்லிக் கழற்றி என் கையில் கட்டிக்கொண்டேன். அவளுக்கு என்ன எண் வந்தது என்று இன்று எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. எண்களை மறக்கிறவன் அல்ல நான். அதைப் பார்க்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

பிறகு உப்பு. ஒரு நாளைக்கு, எல்லாம் சேர்த்து, ஒரு டீஸ்பூன் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அது ஒரு ஆளுக்கு. நான் அதை வீட்டுக்கு என்று வைத்துக்கொண்டேன். தெரியாமல் அல்ல. இரண்டு பேருக்கு ஒரு ஸ்பூன் என்றால் எனக்கு அரை ஸ்பூன். மருத்துவர் சொன்னதில் பாதி. அப்படியென்றால் இரண்டு மடங்கு பாதுகாப்பு என்று கணக்குப் போட்டேன். மாவடு, எலுமிச்சை, நார்த்தங்காய், ஆவக்காய் என்று நான்கு ஊறுகாய் ஜாடிகளையும், இரண்டு டப்பா அப்பளத்தையும் கூடுவாஞ்சேரியில் இருக்கும் மகள் வீட்டுக்கு அனுப்பினேன். சமையலறையில் இருந்த உப்பு ஜாடியை எடுத்து என் மேஜையில் வைத்தேன். பழைய நாட்குறிப்பின் அட்டையைக் கிழித்துக் கோடு போட்டேன். தேதி, கொடுத்தது, கையெழுத்து. துளை போட்டு, நூல் கோத்து, ஜாடியின் கழுத்தில் கட்டினேன்.

மறுநாள் காலை அவள் கிண்ணத்தோடு வந்து நின்றாள். ஸ்பூனில் உப்பை அள்ளி, கத்தியின் முதுகால் தலைதட்டி, கிண்ணத்தில் போட்டேன். அட்டையை நீட்டினேன்.

"உப்புக்குக் கையெழுத்தா?"

"எவ்வளவு போச்சுன்னு தெரியணுமில்ல."

"தெரிஞ்சு?"

"டாக்டர்கிட்ட காட்டணும்."

"புருஷன்கிட்ட உப்பு வாங்கிக் கையெழுத்துப் போட்டவ இந்தத் தெருவுலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். சரிங்க ஸ்டோர்ஸ் சார், பேனாவைக் குடுங்க."

கையெழுத்துப் போட்டாள். பள்ளியில் அழகான கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள். எழுத்துகள் கோட்டின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அன்றிலிருந்து காலையில் உப்பு வாங்க வரும்போதெல்லாம் நான் ஸ்டோர்ஸ் சார். முதல் வாரம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

தண்ணீர் மருத்துவர் சொன்னதல்ல. காலை நடைக்கு வருகிறவர்களின் வாட்ஸப் குழுவில் வந்தது. தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடித்தால் உடம்பில் தேங்கிய உப்பையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும் என்று யாரோ அனுப்பியிருந்தார்கள். எங்கள் டம்ளர் கால் லிட்டர் பிடிக்கும். எனவே பன்னிரண்டு டம்ளர். எனக்குப் பன்னிரண்டு, அவளுக்குப் பன்னிரண்டு. நான் மட்டும் குடித்தால் மறந்துவிடுவேன், இரண்டு பேரும் குடித்தால் ஒருவரை ஒருவர் ஞாபகப்படுத்தலாம் என்று சொன்னேன். இரண்டு கிண்ணங்களில் பன்னிரண்டு பன்னிரண்டு புளியங்கொட்டைகள் போட்டு வைத்தேன். ஒரு டம்ளர் குடித்தால் ஒரு கொட்டையை எடுத்து மூடியில் போட வேண்டும். சித்திரை வெயில். தண்ணீர் குடிப்பது நல்லது என்று யாரும் சொல்லக்கூடிய காலம். மாலையில் நான் இரண்டு மூடிகளையும் எண்ணுவேன். என்னுடையதில் சில நாள் பத்து இருக்கும், சில நாள் ஒன்பது. அவளுடையதில் எப்போதும் பன்னிரண்டு. அவள் ஏமாற்றியிருக்கலாம். ஒரு கொட்டையை மூடியில் போட்டுவிட்டு டம்ளரைத் தொட்டியில் கொட்டியிருக்கலாம். யார் பார்க்கப் போகிறார்கள். அவள் குடித்தாள்.

என் எண்கள் இறங்கின. முதல் வாரம் நூற்று அறுபதுகளில் இருந்தது. இரண்டாம் வாரம் நூற்று ஐம்பதுக்கு வந்தது. ஒவ்வொரு அளவையும் எழுதிய பிறகு அவளிடம் வாசித்துக் காட்டுவேன். "நல்லதுங்க" என்பாள். சாப்பாட்டைப் பற்றி மட்டும் எனக்கு ஓயாத குறை. இரண்டாம் நாளே தட்டைத் தள்ளினேன். சாம்பார் கொதிக்கவைத்த மண் மாதிரி இருக்கிறது என்றேன். அரை ஸ்பூனில் இவ்வளவு சப்பென்று இருக்குமா, நீ கலக்குகிற விதம் சரியில்லை என்றேன். மூன்றாம் நாளிலிருந்து சாப்பாடு பரவாயில்லாமல் இருந்தது. நாக்கு பழகிவிட்டது என்று நோட்டில் எழுதினேன். அதைக்கூட எழுதியிருக்கிறேன்.

பதினொன்றாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ அவளுக்குத் தலைவலி ஆரம்பித்தது. வெயில் என்றேன். வயிற்றைப் புரட்டுகிறது என்றாள். வெறும் வயிற்றில் காபி குடிக்காதே என்றேன். ஒரு நாள் டிகாக்‌ஷன் போட்ட ஃபில்டரிலேயே மறுபடி வெந்நீரை ஊற்றிவிட்டு என்ன செய்தோம் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னொரு நாள் அரிசியைக் களைந்து குக்கரில் வைத்தவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ஒரு மணிக்கு நான் சாப்பிட உட்கார்ந்தபோது அரிசி அப்படியே தண்ணீரில் கிடந்தது. அன்று சத்தம் போட்டேன். சத்தம் போட்ட பிறகு எடுத்த அளவு நூற்று அறுபத்திரண்டு. அதற்கும் அவள்தான் காரணம் என்று சத்தம் போட்டேன். நடக்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்தாள். எல்லாவற்றையும் பிற்பாடு வரிசைப்படுத்திப் பார்த்தேன். ஒன்பது அறிகுறிகள். ஒன்பதையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பதினெட்டாம் நாள் காலை அவள் போட்ட கையெழுத்தில் கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே விழுந்திருந்தது. ஸ்டோர்ஸில் கையெழுத்து மாறினால் பொருள் கொடுக்கக்கூடாது. முப்பத்து நான்கு வருடப் பழக்கம். அட்டையை அவள் பக்கம் திருப்பினேன்.

"கையெழுத்து சரியில்லை. திரும்பப் போடு."

அவள் கொஞ்ச நேரம் பேனாவைப் பார்த்தாள். பக்கத்திலேயே மறுபடி போட்டாள். அது முதலில் போட்டதைவிட மோசமாக இருந்தது. விளையாடுகிறாள் என்று நினைத்துக் கிண்ணத்தைத் தள்ளினேன். அன்று அவள் ஸ்டோர்ஸ் சார் என்று சொல்லவில்லை. சொல்லி நான்கைந்து நாள் ஆகியிருந்தது. அதையும் நான் கவனிக்கவில்லை.

இருபத்திரண்டாம் நாள் மருத்துவரைப் பார்க்கும் நாள். டோக்கன் பதினான்கு, பத்தரை மணி. முதல் நாள் மாலையே எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். நோட்டு, பழைய ரிப்போர்ட்டுகள், மாத்திரை அட்டைகள், மெஷின். அவர்கள் மெஷினோடு ஒப்பிட்டுப் பார்க்க என் மெஷினும் வேண்டும். காலையில் அவள் கிண்ணத்தோடு வரவில்லை. நானே போய்க் கூப்பிட்டு, உப்பைக் கொடுத்து, அட்டையை நீட்டினேன். ஒரு கோடு இழுத்தாள். திரும்பப் போடச் சொன்னேன். இன்னொரு கோடு இழுத்தாள். நேரமாகிவிட்டது என்று அதோடு விட்டேன். ஜாடியிலிருந்து அட்டையை அவிழ்த்து ஃபைலில் வைத்துக்கொண்டேன். எவ்வளவு ஒழுங்காக இருந்திருக்கிறேன் என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

தெருமுனை ஸ்டாண்டு ஆட்டோவில் ஏறினோம். எங்களை நெடுநாளாகத் தெரிந்த டிரைவர். பிரஷர் பார்க்கப் போகுமுன் பேசக்கூடாது, பதறக்கூடாது என்று படித்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை எண்ணினேன். நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். முப்பத்தோராவது மூச்சில் அவள் என் கையைத் தொட்டாள்.

"சார், கொஞ்சம் சீக்கிரம் போகச் சொல்லுங்க. அவர் வேலை விட்டு வந்துடுவார். வந்து நான் வீட்டுல இல்லேன்னா சத்தம் போடுவார்."

கேலி என்றுதான் நினைத்தேன். அதுவும் இன்றைக்குப் பார்த்து, இந்த நேரத்தில்.

"காலங்கார்த்தால ஆரம்பிக்காதே. எனக்குப் பிரஷர் ஏறும்."

அவள் பயந்து கையை எடுத்துக்கொண்டாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"இன்னா சார், அம்மா ஒரு மாரியா பேசிகினு வராங்க. ஒடம்பு சரியில்லியா?"

"வெயில்பா. நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு."

"இல்ல சார், உங்களையே சாருன்றாங்க."

"அது எங்க வீட்டுக் கேலி."

"இன்னா கேலியோ சார். அவங்க மூஞ்சில சிரிப்பே காணோம்."

மறுபடி முதலிலிருந்து மூச்சை எண்ணத் தொடங்கினேன்.

மருத்துவமனையில் அவளைக் காத்திருக்கும் கூடத்தில், டிவிக்குக் கீழே இருந்த வரிசையில் மூன்றாவது நாற்காலியில் உட்கார வைத்தேன். வழக்கமாக உள்ளே கூட வருவாள். அன்று எழுந்திருக்கச் சோம்பல்படுகிறாள் என்று நானே பையை வாங்கிக்கொண்டு போனேன். நர்ஸ், "தாத்தா, அஞ்சு நிமிஷம் பேசாம உக்காருங்க" என்று சொல்லிப் பிறகு பார்த்தாள். நூற்று முப்பத்தாறுக்கு எண்பத்து நான்கு. என் மெஷினிலும் இரண்டு புள்ளிதான் வித்தியாசம்.

மருத்துவர் நோட்டைப் புரட்டினார். எண்பத்து நான்கு அளவுகள், மூன்று வண்ண மை. எட்டு விநாடி பார்த்திருப்பார்.

"வெரி குட் சார். நல்லா இறங்கியிருக்கு. இதே மாத்திரை போதும். ரெண்டாவது வேண்டாம்."

அந்தச் சொல்லுக்காகத்தான் மூன்று வாரம். ஆனால் எட்டு விநாடி எனக்குப் போதவில்லை. இன்னும் கொஞ்சம் பாராட்ட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அட்டையை எடுத்து நீட்டினேன். அது என்ன என்று விளக்கினேன். அவர் சிரித்தார்.

"உப்புக்கு ரிஜிஸ்டரா? என் சர்வீஸ்ல இதான் முதல் தடவை சார்."

சிரித்துக்கொண்டே அட்டையை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டு வந்தார். பாதிக்குக் கீழே விரல் நின்றது. மறுபடி மேலே போய் வந்தார்.

"இது யார் கையெழுத்து?"

"என் மனைவி."

"எல்லாமே அவங்கதானா? கீழ இருக்கறதும்?"

"ஆமாம் டாக்டர். கொஞ்ச நாளா சரியா போடறதில்லை. சொல்லியும் பார்த்துட்டேன்."

"அவங்களும் இதே உப்புதான் சாப்பிடறாங்களா?"

"வீட்டுக்கே ஒரு ஸ்பூன்தான். தண்ணியும் நிறைய குடிக்கறோம். தினம் மூணு லிட்டர்."

"அவங்க ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா?"

"பிரஷருக்கு ஒண்ணு. பதினோரு வருஷமா."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "எங்க இருக்காங்க?"

மூன்றாவது நாற்காலியில் இருந்தாள். தலை பக்கத்து நாற்காலியின் கைப்பிடியில் சாய்ந்திருந்தது. அருகில் இருந்தவர்கள் தூங்குகிறாள் என்று நினைத்திருந்தார்கள். மருத்துவர் கன்னத்தைத் தட்டிப் பெயரைக் கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. சக்கர நாற்காலியில் ஏற்றி அவசரப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே படுக்கையில் போட்டதும் கையும் காலும் வெட்டி இழுத்தன. கண் மேலே செருகியது. நாற்பது விநாடி. அந்த நேரத்திலும் எண்ணியிருக்கிறேன்.

ரத்தத்தில் சோடியம் நூற்றுப் பன்னிரண்டு என்றார்கள். குறைந்தது நூற்று முப்பத்தைந்து இருக்க வேண்டுமாம். அவள் மாத்திரையின் பெயர் என்ன என்று கேட்டார்கள். என் மாத்திரையின் பெயர், மில்லிகிராம், தயாரித்த மாதம் எல்லாம் எனக்கு மனப்பாடம். அவளுடையது வெள்ளையாக இருக்கும், சின்னதாக இருக்கும் என்று சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். மகள் கூடுவாஞ்சேரியிலிருந்து முதலில் எங்கள் வீட்டுக்குப் போய், அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் இருந்த மாத்திரை அட்டையைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். சிறுநீரை அதிகமாக்கும் மருந்தும் அதில் சேர்ந்திருந்தது. அந்த மருந்து உப்பையும் வெளியே தள்ளும். உள்ளே போக வேண்டிய உப்பை நான் நிறுத்திவிட்டேன். மிச்சம் இருந்ததில் தினமும் மூன்று லிட்டர் தண்ணீரை ஊற்றினேன்.

மாலையில் அந்த மருத்துவர் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலுக்கு வந்தார். உப்பை மெதுவாகத்தான் ஏற்ற முடியும், வேகமாக ஏற்றினால் மூளைக்கு ஆபத்து, இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார். போகும்போது நின்று சொன்னார்.

"நான் உங்களுக்குச் சொன்னேன் சார். அவங்களுக்கு நான் எதுவுமே சொல்லலையே."

தீவிர சிகிச்சையில் ஐந்து நாள், வார்டில் மூன்று நாள். முதல் இரண்டு நாள் அவள் யாரையும் அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை. மூன்றாம் நாள் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒருவர்தான் உள்ளே போகலாம் என்பதால் மகள் போனாள். அரை மணி கழித்து வெளியே வந்தவள் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள்.

"அப்பா, நீங்க குடுத்த ஒரு ஸ்பூன் உப்பு யாருக்குப் போச்சு தெரியுமா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"அம்மா உப்பே போடாம சமைச்சிருக்காங்க. உங்களுக்குன்னு எடுத்து வைச்சதுல மட்டும் அந்த ஒரு ஸ்பூனையும் கலந்திருக்காங்க. ரெண்டாவது நாளே நீங்க தட்டைத் தள்ளினீங்களாமே. மண்ணு மாதிரி இருக்குன்னு சொன்னீங்களாமே. அன்னையிலேர்ந்து அவங்க வெறும் சாதமும் தண்ணியும் மாதிரிதான் சாப்பிட்டிருக்காங்க."

மகள் என் பக்கம் திரும்பினாள்.

"மூணு வேளையும் எதிர்லதானே உக்காந்து சாப்பிட்டீங்க. ஒரு வாட்டி அம்மா தட்டுலேர்ந்து ஒரு வாய் எடுத்துப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

ஸ்டோர்ஸில் ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கிய பொருள் வேறொருவருக்குப் போயிருந்தால் விசாரணை வைப்போம். மெமோ கொடுப்போம். இங்கே யாருக்கு மெமோ கொடுப்பது. அட்டையில் இருபத்திரண்டு ஸ்பூன், இருபத்திரண்டு கையெழுத்து, திருப்பிப் போட்டதையும் சேர்த்தால் இருபத்து நான்கு. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. நாளுக்கு ஒரு ஸ்பூன், ஒரு ஆளுக்கு. மருத்துவர் சொன்ன அளவு அப்படியே என் வயிற்றுக்குள் போயிருக்கிறது. அதனால்தான் என் பிரஷரும் ஒழுங்காக இறங்கியது, எனக்கு ஒன்றும் ஆகவும் இல்லை.

அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் யாருக்கும் பிடிக்காது. ஆனால் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தண்ணீரைக் கொட்டியிருக்கலாம். பக்கத்துக் கடையில் ஒரு பாக்கெட் உப்பு வாங்கி ஒளித்து வைத்திருக்கலாம். இவ்வளவு நேர்மையாக என் பைத்தியத்துக்குக் கீழ்ப்படிந்து என்னைக் கொலைகாரனாக்கப் பார்த்தாளே என்று அந்த வராந்தாவில் நினைத்தேன். அடுத்த நிமிடமே, சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்றும் தெரிந்தது. உப்பை இன்னும் குறைத்திருப்பேன்.

எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தாள். மகள் ஊறுகாய் ஜாடிகளைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தாள். குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டதாகவும் கூட்டிப்போக வேண்டும் என்றும் சொன்னாள். "இந்தக் காலை வெச்சுகிட்டு மலைப் படி ஏறவா, அப்புறம் பார்க்கலாம்" என்று இவள் சொல்லிவிட்டாள். இப்போது சமையலறையில் உப்பு அவள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. எனக்குத் தனியாக ஒரு சின்னப் பாத்திரத்தில் சமைக்கிறாள். சப்பென்று இருக்கிறது. நான் எதுவும் சொல்வதில்லை. அவளுக்குக் கொஞ்சம் மறதி மிச்சம் இருக்கிறது. சில பெயர்கள் வருவதில்லை. மருத்துவமனைக்குப் போன நாளும் அதற்கு முந்தைய மூன்று நான்கு நாட்களும் அவளுக்குச் சுத்தமாக நினைவில் இல்லை.

ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"ஆட்டோக்காரர் நேத்து கேட்டைத் தட்டி விசாரிச்சுட்டுப் போனார். அன்னைக்கு நான் வண்டியில ஏதோ பேசிகிட்டு வந்தேனாமே. என்ன பேசினேன்?"

"ஒண்ணும் பேசலை. தூங்கிட்டு வந்தே."

"அவர் என்னமோ சொன்னாரே."

"அவருக்கு என்ன தெரியும்."

அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும். நாற்பத்து நான்கு வருடம் என்னோடு வாழ்ந்தவள், என்னையே ஓர் அந்நியனாக நினைத்து, என்னைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள். வந்து நான் இல்லையென்றால் சத்தம் போடுவார். அதை அவளிடம் திருப்பிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு மாதம் கழித்து மறுபடி மருத்துவமனைக்குப் போனோம். இந்த முறை இரண்டு டோக்கன், இருபதும் இருபத்தொன்றும். இருபது அவளுக்கு. அவளுக்குப் பிரஷர் சரியாக இருந்தது. ரத்தம் எடுப்பதற்கு ஒரு படிவத்தை நர்ஸ் நீட்டி, "அம்மா, இங்க ஒரு சைன் போடுங்க" என்றாள். அவளுடைய ஃபைல் திறந்து கிடந்தது. முதல் தாளோடு என் அட்டையைச் சேர்த்துத் தைத்து வைத்திருந்தார்கள். அவள் அதைப் பார்த்தாள். பிறகு படிவத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். எழுத்துகள் கோட்டின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. படிவத்தை நர்ஸிடம் கொடுக்காமல் என் பக்கம் திருப்பினாள்.

"சரியா இருக்கா ஸ்டோர்ஸ் சார்? இல்ல, திரும்பப் போடணுமா?"

நர்ஸ் சிரித்தாள். என் மனைவி சிரிக்கவில்லை. எல்லாம் மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது என் டோக்கன். நர்ஸ் பட்டையைக் கட்டி, பார்த்து, மறுபடி ஒரு முறை கட்டிப் பார்த்தாள்.

"என்ன தாத்தா, திரும்ப ஏறியிருக்கே. வீட்டுல ஏதாவது டென்ஷனா?"

பக்கத்து நாற்காலியில் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளாகப் பதில் சொல்வாளோ என்று பார்த்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படி ஒண்ணும் இல்லம்மா," என்றேன்.